2,880 கட்டங்கள்

நியூ ஜெர்சியின் ஐசலினில் மெட்ரோபார்க் ரயில் நிலையத்தில் இறங்கி ஓக் ட்ரீ சாலைக்குத் தோசை சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அங்கிருந்து சில நிமிடக் கார் தூரத்தில்தான் எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடம் இருந்தது. 1877 இறுதியில் போனோகிராப் பிறந்தது அங்கேதான். சுழலும் உருளையில் ஈயத்தாளைச் சுற்றி, பேச்சின் அதிர்வை ஊசியால் அதில் பள்ளமாகப் பதித்தார்கள். அதே பள்ளத்தில் ஊசியைத் திரும்ப ஓட்டினால் பேச்சு கேட்கும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஊசி அந்தத் தாளைக் கொஞ்சம் சிதைக்கும். சில தடவைக்கு மேல் தாங்காது, கிழிந்துவிடும்.

1878-இல் செயின்ட் லூயிஸ் நகரில் பதிவான அப்படியொரு தாள், நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அதன் மேல் ஊசி வைக்க யாருக்கும் துணிவில்லை. 2012-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழுவினர் அதைத் தொடாமலே கேட்டார்கள். தாளின் பரப்பை ஒளியால் அளந்து, ஒவ்வொரு பள்ளத்தின் ஆழத்தையும் எண்ணாக்கி, ஊசி ஓடியிருந்தால் எப்படி ஏறி இறங்கியிருக்கும் என்று மென்பொருளால் கணக்கிட்டார்கள். ஒரு கார்னெட் இசையும், குழந்தைப் பாட்டும், யாரோ சிரிப்பதும் கேட்டது.

இந்த அத்தியாயம் பேசப்போகும் டிஸ்க் இமேஜ் செய்கிற வேலையும் இதுதான். முதலில் பரப்பு முழுவதையும் எண்களாக எடுத்துக்கொள்ள வேண்டும். வாசிப்பதும் திருத்துவதும் எல்லாம் பிறகு, அந்த எண்களின் மேல்.

பிளாப்பியில் உள்ள பைல்களை இழுத்துக் கணினியில் போட்டுக்கொள்வதற்கும் இமேஜ் எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பைல்களைக் காப்பி செய்யும்போது, இயங்குதளம் எதையெல்லாம் 'பைல்' என்று ஒப்புக்கொள்கிறதோ அது மட்டும் வரும். இமேஜ் எடுக்கும் மென்பொருள் இயங்குதளத்தின் கருத்தைக் கேட்பதில்லை. முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை, காலியிடம், அழித்த பைல், அட்டவணை, குப்பை எல்லாவற்றையும் அதே வரிசையில் ஒரே நீண்ட பைலாக எழுதிவைக்கும். வழக்கமான 3.5 அங்குல பிளாப்பி ஒன்றில் 80 தடங்கள், இரண்டு பக்கம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 2,880 செக்டர், 14,74,560 பைட். வெற்று பிளாப்பியானாலும் நிறைந்த பிளாப்பியானாலும் இமேஜின் அளவு இதுவேதான். (1.44 எம்பி என்று உறையில் போட்டிருப்பார்கள். 14,74,560-ஐ ஒருமுறை 1,024-ஆல் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்துக் கிடைத்த கலப்படக் கணக்கு அது. எந்த முறைப்படி பார்த்தாலும் சரியான மெகாபைட் இல்லை.)

இந்த வேலைக்கு உலகம் இன்றும் பயன்படுத்தும் கட்டளைகளில் மூத்தது 'டிடி'. அதுவும் நியூ ஜெர்சிக்காரர்தான். ஐசலினிலிருந்து ஏறத்தாழ அரை மணி நேரக் கார் பயணத்தில் உள்ள மரே ஹில்லில், பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் கணினிகளில் 1970களின் முதல் பாதியில் வந்தது. ஐபிஎம் பெருங்கணினிகளின் கட்டளை மொழியிலிருந்து பெயரையும் நடையையும் வாங்கிக்கொண்டதால் அதன் எழுத்துமுறை மற்ற யூனிக்ஸ் கட்டளைகளோடு ஒட்டாமல் விநோதமாக இருக்கும். உள்ளீடு எது, வெளியீடு எது என்று சொன்னால் கேள்வி கேட்காமல் பைட் பைட்டாக அள்ளிக் கொட்டும். உள்ளீட்டையும் வெளியீட்டையும் மாற்றி எழுதிவிட்டாலும் கேள்வி கேட்காது. அதனால்தான் அதற்கு 'டிஸ்க்கை நாசமாக்கி' என்ற செல்லப்பெயர்.

டிடி பிறந்த அந்த ஆய்வகமே பிற்காலத்தில் இமேஜ் எடுப்பவர்களின் தயவை நாட வேண்டியிருந்தது. அங்கே சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியிடம் 1970களின் தொடக்கத்து டெக்டேப் நாடாக்கள் சில இருந்தன. அவற்றை ஓட்டும் இயந்திரம் இல்லை. பால் விக்ஸியும் கீத் போஸ்டிக்கும் ஒரு பழைய டெக்டேப் இயந்திரத்தைத் தேடிப்பிடித்து, வாக்ஸ் கணினியோடு இணைத்துப் படித்துக் கொடுத்தார்கள். 1972-73 வாக்கில் எழுதப்பட்ட சி மொழியின் மிகப் பழைய கம்பைலர்கள் இரண்டு அப்படித்தான் மீண்டன. பிறகு 2025-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸ் நான்காம் பதிப்பின் நாடா ஒன்று அகப்பட்டது. நியூ ஜெர்சியிலிருந்து ஒரு காலத்தில் போன அந்தச் சுருள், கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் படிக்கப்பட்டு, இன்று யார் வேண்டுமானாலும் தம் மடிக்கணினியில் ஓட்டிப் பார்க்கக்கூடிய இமேஜாக இருக்கிறது.

நம் கதைக்கு இவ்வளவு புகழ் தேவையில்லை. ஐசலின், எடிசன் ஆகிய ஊர்களின் வீட்டுப் பேஸ்மென்ட்களில், 1990களில் எச்-1பி விசாவில் வந்தவர்களின் அட்டைப்பெட்டிகளில் பிளாப்பிகள் இருக்கும். தமிழ்ப் பள்ளிப் பாடங்கள், பொங்கல் விழா மலரின் பக்கங்கள், நாடக வசனம், ஊருக்கு எழுதிய கடிதம். அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம்.

யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் இன்னும் கிடைக்கிறது. அதில் செருகும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பிளாப்பியின் மூலையில் உள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைக்க வேண்டும். ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது. வெறுமனே பார்க்கத்தானே போகிறோம், இது எதற்கு என்று தோன்றலாம். விண்டோஸ் 95-இல் இந்தத் தாழ்ப்பாளைத் தள்ளாமல் பிளாப்பியைச் செருகி அதன் பட்டியலைப் பார்த்தாலே போதும், முதல் செக்டரில் வட்டைத் தயாரித்த மென்பொருளின் பெயர் இருக்கும் எட்டு பைட்டில் விண்டோஸ் தன் அடையாளத்தை எழுதிவிட்டுப் போகும். அந்த வட்டை எந்த மென்பொருள் பார்மட் செய்தது என்ற தகவல் அத்தோடு போயிற்று. பல ஆயிரம் பிளாப்பிகள் இப்படித் தங்கள் பிறப்புச் சான்றிதழை இழந்திருக்கின்றன, சொந்தக்காரர்களுக்குத் தெரியாமலே.

நல்ல நிலையில் உள்ள வட்டுக்கு டிடி போதும். பழுதான வட்டுக்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. அதன் புத்திசாலித்தனம் பொறுமையில் இருக்கிறது. படிக்க முடியாத செக்டரில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், எளிதாக வருவதையெல்லாம் முதலில் வாங்கிக்கொள்ளும்; எது வந்தது, எது வரவில்லை என்று தனியாக ஒரு வரைபடப் பைல் வைத்துக்கொண்டு, பிறகுதான் திரும்பிவந்து முரண்டு பிடிக்கும் இடங்களைத் தட்டும். தேய்ந்த வட்டின் மேல் டிரைவின் தலை ஒவ்வொரு முறை உரசும்போதும் காந்தப் பூச்சு உதிரலாம் என்பதால் இந்த வரிசை முக்கியம். எடிசனின் ஊசிக்கு இருந்த அதே குணம்.

பழைய மேக் கணினியின் 800 கேபி பிளாப்பிகளை யுஎஸ்பி டிரைவால் படிக்கவே முடியாது. வெளித்தடங்களில் செக்டர் அதிகம், உள்தடங்களில் குறைவு என்று அவற்றின் அமைப்பே வேறு. அதற்கு கிரீஸ்வீசில், கிரையோஃபிளக்ஸ் போன்ற சிறு மின்சுற்று அட்டைகள் வேண்டும். இவை செக்டரைப் பற்றிக் கவலைப்படாமல், காந்தப்புலம் திசை மாறும் ஒவ்வொரு கணத்தையும் நேரக்குறிப்போடு பதிந்துகொள்ளும். எது பைட், எது செக்டர் என்பதை மென்பொருள் பின்னால் நிதானமாக முடிவு செய்யும்.

இமேஜ் கையில் வந்ததும் முதல் வேலை, அதன் எஸ்எச்ஏ-256 கூட்டெண்ணை எடுத்துக் குறித்துவைப்பது. 14 லட்சம் பைட்டில் ஒரே ஒரு பிட் மாறினாலும் இந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம், மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் இப்படியொரு கூட்டெண்ணைக் கேட்கிறது. பொங்கல் மலருக்கு நீதிமன்றம் தேவையில்லைதான். ஆனால் மூலத்தைப் பூட்டிவைத்து நகலில் மட்டும் கைவைக்கும் பழக்கம் எல்லோருக்கும் ஒன்றே.

பார்ப்பதற்குச் சுலபமான வழி வின்இமேஜ், 7-ஜிப் போன்றவை. இமேஜைத் திறந்தால் உள்ளே இருக்கும் பைல்களை சாதாரண போல்டர் போலக் காட்டும். லினக்ஸிலும் மேக்கிலும் இமேஜையே ஒரு வட்டாக ஏற்றிக்கொள்ளலாம், படிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு. இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்தது ஹெக்ஸ் எடிட்டர். எச்எக்ஸ்டி என்ற இலவச மென்பொருளே போதும். இடப்பக்கம் எண்கள், வலப்பக்கம் அவற்றுக்குரிய எழுத்துகள். எண்களை அது பதினாறின் அடிமானத்தில் காட்டும். இங்கே வசதிக்காக நம் வழக்கமான எண்ணிலேயே சொல்கிறேன்.

முதல் செக்டரின் தொடக்கம் பெரும்பாலும் 235, 60, 144. கடைசி இரண்டு பைட் 85, 170. இரண்டும் இருந்தால் டாஸ் வட்டு என்று நம்பலாம். அடுத்த ஒன்பது செக்டரில் பைல் ஒதுக்கீட்டு அட்டவணை, அதற்கடுத்த ஒன்பதில் அதே அட்டவணையின் மறுபிரதி. 19-ஆம் செக்டரிலிருந்து (செக்டர்களை 0-இலிருந்து எண்ணுகிறோம்) 14 செக்டருக்குப் பெயர்ப்பட்டியல். பைலுக்கு 32 பைட் வீதம் 224 வரிகள். 33-ஆம் செக்டரிலிருந்துதான் உள்ளடக்கம். நான் சொல்வதை நம்ப வேண்டாம், 9,728-ஆவது பைட்டுக்குப் போய்ப் பாருங்கள்: 19-ஐ 512-ஆல் பெருக்கிய இடம் அது, பைல் பெயர்கள் வரிசையாக நிற்கும்.

அந்த 32 பைட்டில் தேதிக்கு இரண்டே பைட். உதாரணத்துக்கு 46, 36 என்று இருக்கிறது என்போம். பின்னாலிருப்பது பெரிய இடம் என்பது இன்டெல் வழக்கம். ஆகவே 36-ஐ 256-ஆல் பெருக்கி 46-ஐக் கூட்டினால் 9,262. இதை 512-ஆல் வகுத்தால் ஈவு 18, மீதி 46. டாஸின் காலம் 1980-இல் தொடங்குகிறது, எனவே ஆண்டு 1998. மீதியை 32-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 14. ஜனவரி 14, 1998: தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டம் தொடங்கிய பொங்கல் நாள். நேரத்துக்கும் இரண்டு பைட்தான் என்பதால் இடம் போதாமல், நொடியை இரண்டிரண்டாக எண்ணினார்கள். டாஸ் வட்டில் ஒற்றைப்படை நொடியில் சேமித்த பைலே கிடையாது.

அழித்த பைல் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. பெயரின் முதல் எழுத்து இருந்த பைட்டில் 229 என்ற எண் எழுதப்படும், ஒதுக்கீட்டு அட்டவணையில் அதன் இடங்கள் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவே. பேரேட்டில் பெயரை அடித்துவிட்டு மூட்டையைக் கிடங்கிலேயே விட்டுவிடும் கணக்குப்பிள்ளையின் வேலை. வேறு பைல் அந்த இடத்தை நிரப்பும்வரை உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். ஏன் 229? அதற்கு முன்பிருந்த சிபி/எம் இயங்குதளத்தின் மிச்சம் அது. அன்று கடையில் வாங்கும் புது 8 அங்குல வட்டுகள் எல்லா பைட்டிலும் 229 நிரப்பி வந்தன. 229 என்றால் காலி என்று வைத்துக்கொண்டால், புது வட்டை எதுவும் செய்யாமலே பயன்படுத்தலாம். பிறகு ஜப்பானியர்கள் வந்தார்கள். அவர்கள் எழுத்துக் குறிமுறையில் 229 என்பது சில கான்ஜி (சீன வடிவ) எழுத்துகளின் முதல் பாதியாகவும் வரும். அந்த எழுத்துகளில் தொடங்கும் பைலெல்லாம் அழித்த பைலாகத் தோன்றியது. அதற்காக, உண்மையிலேயே 229 வேண்டுமானால் 5 என்று எழுது என ஒரு விதிவிலக்கைச் சேர்த்தார்கள். ஒரு எழுத்துமுறைக்காக உலகத்து பிளாப்பிகள் எல்லாம் வளைந்துகொடுத்த இடம் அது. சந்தையின் பலம் என்னவென்று வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி திருத்தம். அழிந்த பைலை மீட்பதை எடுத்துக்கொள்வோம். பெயர்ப்பட்டியலில் 229 இருக்கும் இடத்தில் ஏதாவதொரு எழுத்தின் எண்ணைப் போட்டால் பெயர் திரும்பிவிடும். ஆனால் அது பாதி வேலைதான். பைலின் அளவு 1,300 பைட், தொடக்கம் 5-ஆம் கட்டம் என்று வரியில் இருக்கிறது. கட்டம் என்பது ஒதுக்கீட்டு அட்டவணை எண்ணும் அலகு, இந்த பிளாப்பியில் ஒரு செக்டர்; கட்டங்களின் எண்ணிக்கை 2-இல் தொடங்குவதால் 5-ஆம் கட்டம் என்பது வட்டின் 36-ஆம் செக்டர். 1,300 பைட்டுக்கு மூன்று கட்டம் வேண்டும்: 5, 6, 7. அடுத்தடுத்து இருந்தன என்பது நம் ஊகம்; சிறிய பைல்களுக்குப் பெரும்பாலும் பலிக்கும். அட்டவணையில் 5-க்கு நேராக 6, 6-க்கு நேராக 7, 7-க்கு நேராக முடிவைக் குறிக்கும் 4,095 எழுத வேண்டும். ஒவ்வொரு எண்ணும் 12 பிட், அதாவது ஒன்றரை பைட். ஆகவே 5-ஆம் கட்டத்து எண்ணின் ஒரு பகுதி 4-ஆம் கட்டத்து எண்ணோடு ஒரே பைட்டில் ஒண்டிக் குடித்தனம் இருக்கிறது. அசட்டையாக எழுதினால் பக்கத்து பைல் அறுந்துவிடும். முடித்த பின் மறுபிரதியிலும் அதையே எழுத வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் வட்டைச் சரிபார்க்கும் மென்பொருள் கூச்சலிடும். மூன்று கட்டத்தில் 1,536 பைட், பைலோ 1,300. மீதி 236 பைட்டில் வேறொரு பைலின் துண்டு தெரியலாம். ஒரு கடிதத்தின் கடைசி வரி இப்படிக் கிடைப்பதுண்டு.

இது பழைய வட்டு வெறியர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பு ஒன்று, மைக்ரோசாப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. விமானங்கள் தரையில் நின்றன. கிளவுடில் ஓடும் கணினிகளுக்கு வட்டு என்பதே ஒரு இமேஜ்தான். நின்றுபோன கணினியிலிருந்து அந்த வட்டைக் கழற்றி, நன்றாக ஓடும் இன்னொரு கணினியில் இரண்டாம் வட்டாக மாட்டி, குறிப்பிட்ட ஒரு பைலை அழித்து, மறுபடி பழைய இடத்தில் மாட்டி ஓடவிட்டார்கள். அந்த வார இறுதியில் எடிசனிலும் ஐசலினிலும் எத்தனையோ வீடுகளில் தூக்கம் போயிருக்கும். செய்த வேலை மேலே சொன்ன பிளாப்பி வேலைதான். அளவும் சம்பளமும் மட்டும் வேறு.

பைல் மீண்டுவிட்டது. திறந்தால் புரியாத குறிகள். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்குக் கதை முடியும் இடத்தில் நமக்குத் தொடங்குகிறது.

1980களிலும் 90களிலும் தமிழைக் கணினியில் ஏற்றியவர்கள் உலகம் முழுக்கச் சிதறியிருந்தார்கள். கனடாவில் சீனிவாசன் ஆதமி செய்தார், மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு செய்தார், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை வெளியிட்டார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தனி வழியில் போனார். ஒவ்வொருவர் எழுத்துருவிலும் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது வேறு வேறு. 1997 சிங்கப்பூர் மாநாட்டுக்குப் பிறகு மின்னஞ்சல் விவாதத்தில் டிஸ்கி என்ற பொதுக் குறிமுறை வடிவெடுத்தது. 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டை அறிவித்தது. ஒன்றாக்கப் போய் மூன்றானது.

ஹெக்ஸ் எடிட்டரில் இவற்றைக் கண்ணால் பிரித்தறியலாம். இன்றைய யூனிகோட் என்றால் 224, 174 அல்லது 224, 175 என்ற இணை மூன்று பைட்டுக்கு ஒருமுறை தலைகாட்டும். 'தமிழ்' என்று எழுத 15 பைட் ஆகும். டிஸ்கியில் நாலே பைட்: 190, 193, 162, 250. த, ம, இகரக் கொக்கி, புள்ளி வைத்த ழ். இடம் மிச்சம். இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியமானது. டிஸ்கி காகிதத்தில் தெரியும் வரிசையில் சேமிக்கும். 'கொ' என்பது 166, 184, 161: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி முழுதாக அதன் பின். ஆகவே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. கொம்புகளைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும், பின்னால் கால் வந்தால் அதையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். வரியின் நடுவில் கொம்பு ஒன்று தனியே நின்றால் அங்கே ஒரு பைட் தொலைந்திருக்கிறது என்று பொருள். கெட்டுப்போன செக்டரைக் காட்டிக்கொடுப்பதில் இந்தப் பழைய முறை யூனிகோடைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்பேன்.

டிஸ்கிக்கு மாற்றிகள் ஏராளம். பெயர் தெரியாத எழுத்துருவில், யாரோ நண்பருக்காகச் செய்துகொடுத்த எழுத்துருவில் அடித்த பைல் என்றால்? அட்டவணை எங்கும் கிடைக்காது. அப்போது இமேஜுக்குத்தான் திரும்ப வேண்டும். அந்தக் காலத்தில் தமிழ்ப் பைலைக் கொடுப்பவர்கள் அதைப் படிக்கத் தேவையான எழுத்துருவையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். வாங்கியவர் நிறுவிக்கொண்டபின் இடத்துக்காக அதை அழித்துவிடுவார். 229-இல் தொடங்கும் வரிகளில், டிடிஎஃப் என்ற பின்னொட்டோடு ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மேலே சொன்ன வழியில் மீட்டு, ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் திறக்கலாம். 256 கட்டங்கள் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு வடிவம். எந்தக் கட்டத்தில் க இருக்கிறது, எதில் கொம்பு இருக்கிறது என்று பார்த்துக் கையாலேயே அட்டவணை எழுதிவிடலாம். தமிழ் படிக்கத் தெரிந்த யாருக்கும் ஒரு மாலைப்பொழுது வேலை. பிளாப்பியிலிருந்து கடிதங்களை மட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டவரிடம் இந்த எழுத்துரு வந்திருக்காது.